விறகுச் சூளையில் பீங்கான்: கோளாறு வந்தால் எங்கிருந்து பார்ப்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் விறகுச் சூளை வைத்திருக்கும் நண்பர்கள் சூளையைத் திறந்த கையோடு எனக்குப் படம் அனுப்புவார்கள். கீழே “கிளேஸ் (பாத்திரத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) கெட்டுப்போச்சு” என்றோ “மண்ணே சரியில்லை” என்றோ எழுதியிருப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அந்தப் பாத்திரம் சூளைக்குள் எந்த இடத்தில் இருந்தது?

ஒரே கோளாறு எல்லா இடத்திலும் வந்திருந்தால் மண், தண்ணீர், கிளேஸ் இந்த மூன்றில் தேடுங்கள். ஒரு மூலையில், ஒரு அடுக்கில், விறகு போடும் அடுப்புவாய்ப் பக்கம் மட்டும் வந்திருந்தால் தீயிலும் அடுக்கிய விதத்திலும் தேடுங்கள். இதைப் பிரித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் இரும்பு ஆக்சைடால் ஒரு எண் போட்டு, அடுக்கும்போதே எந்த எண் எங்கே என்று நோட்டில் படம் போட்டு வைக்க வேண்டும். செல்போனில் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்தாலும் போதும்.

கீழே உள்ளது கயோலின் (வெள்ளைக் களிமண்), ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் கலந்த பீங்கான் மண்ணுக்கும், முன்னால் அடுப்புவாய், பின்னால் சிம்னி உள்ள சூளைக்கும், சுமார் 1300 டிகிரி வரை போகும் சூட்டுக்கும் பொருந்தும். ஒவ்வொரு கோளாறிலும் செலவில்லாத காரணம் முதலில், காசு பிடிக்கும் காரணம் கடைசியில்.

## சூடு 1150-ல் நின்றுவிட்டது, ஏறவே மாட்டேன் என்கிறது

அதிகம் வரும் கேள்வி இதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு வரும் போன் எல்லாம் இதற்காகத்தான்.

முதலில் கோனைப் பாருங்கள், மீட்டரை அல்ல. கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் சாயும் சிறு கூம்பு; இங்கே சொல்லும் எண் கூடக் கூட அது சாயும் சூடும் கூடும். மீட்டருக்குச் சூட்டைச் சொல்லும் தெர்மோகப்பிள் கம்பியில் கே வகை 1260 டிகிரிக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல. பலமுறை சூளைக்குள் இருந்து பழசானது அதற்குக் கீழேயே குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று கோன்களை ஒரு வரிசையாக நட்டு, எட்டிப் பார்க்கும் துளைக்கு நேராக வைத்திருப்பீர்கள். எட்டு சாயத் தொடங்கியிருந்தால் சூளை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, மீட்டர்தான் தவறு. பீங்கான் சூட்டுக்கு ஆர் அல்லது எஸ் வகை தெர்மோகப்பிள் வேண்டும். விலை கூடுதல்தான். அது இல்லாவிட்டாலும் கோனை வைத்தே முழுச் சூளையையும் சுட்டு முடிக்கலாம்.

கோனும் அசையவில்லை என்றால் வெளியே போய் சிம்னியைப் பாருங்கள்.

சிம்னி உச்சியில் கரும்புகை, நீளமான ஜுவாலை. விறகு அதிகம், காற்று போதவில்லை. சூடு நின்றதும் பயந்துபோய் இன்னும் விறகைத் திணிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். அதுவே சூளையை மேலும் குளிர்விக்கும். விறகு போடுவதை நிறுத்துங்கள். புகை தெளியட்டும், ஜுவாலை சிம்னிக்குள் இறங்கட்டும், அப்புறம் அடுத்த விறகு. ஒரே நேரத்தில் பத்துக் கட்டை போடுவதைவிட இரண்டிரண்டாக அடிக்கடி போடுங்கள்.

புகையே இல்லை, உள்ளே பளிச்சென்று தெரிகிறது, ஆனாலும் ஏறவில்லை. காற்று அதிகம். வருகிற சூட்டை எல்லாம் சிம்னி உறிஞ்சிக்கொண்டு போகிறது. டேம்பரை (சிம்னி வழியைத் திறந்து மூடும் பலகை) ஒரு அங்குலம் உள்ளே தள்ளிவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். கதவுச் செங்கல் இடுக்குகளில் மண் பூச்சு உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஊதுவத்தியை இடுக்கின் ஓரமாகக் கொண்டுபோனால் புகை உள்ளே இழுபடும் இடம் தெரிந்துவிடும். களிமண்ணும் மணலும் குழைத்து அடையுங்கள்.

புகை சரி, டேம்பர் சரி. அடுப்புவாயில் கங்கு மேடு தட்டியிருக்கிறது. விறகைத் தாங்கும் கம்பிகளைக் கங்கு தொடும் அளவுக்கு வந்துவிட்டால் அடியிலிருந்து காற்று ஏறாது. அடித் துளைகளை முழுசாகத் திறந்து, நீண்ட கம்பியால் கங்கைக் கிளறி, பத்து இருபது நிமிடம் கங்கு தானாக எரிய விடுங்கள். அந்த நேரத்தில் சூடு கொஞ்சம் இறங்கும், கலங்க வேண்டாம். கங்கை வெளியே இழுப்பது கடைசி வழி. இழுப்பதானால் இரும்புத் தொட்டியும் தோல் கையுறையும் பக்கத்தில் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் சட்டை போட்டுக்கொண்டு அடுப்புவாய் அருகே போகாதீர்கள், பருத்திதான்.

கங்கு மேடு தட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் விறகின் சாதி. புளி, சீமைக்கருவேலம் இரண்டும் கனத்த மரம். நின்று எரியும், கங்கு நிறைய விடும். 900 டிகிரி வரை நிதானமாக ஏற்ற இவை நல்லவை. அதற்கு மேலே ஜுவாலை நீளமாகப் போகும் விறகு வேண்டும்: தைலமரம், நன்றாகக் காய்ந்த மாங்கிளை. கடைசி நூறு டிகிரிக்கு நான் வைத்திருப்பது மல்பெரிக் குச்சி. நம் பக்கம் பட்டுப்பூச்சி வளர்க்கும் வீடுகளில் இலை போன பிறகு கட்டுக்கட்டாகக் கிடக்கும். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், உள்ளே விழுந்ததும் பற்றிக்கொள்ளும், கங்கே மிஞ்சாது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் யாரிடமாவது சொல்லி வைத்தால் கிடைக்கும்.

விறகு ஈரம். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். சூளை பற்றிய பிறகு இதற்கு உடனடி மருந்து இல்லை என்பதால் இங்கே வைத்தேன். விறகு மண்டியில் “ஆறு மாசம் காஞ்சதுங்க” என்பார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. பிளக்காத உருண்டைக் கட்டை ஆறு மாதம் கிடந்தாலும் நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘டங்’ என்று கணீரென்றால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் ஈரம். வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடியிருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கட்டையைப் பிளந்து, எடை போட்டு, வெயிலில் வைத்து வாரம் ஒருமுறை மறுபடி எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் அது சூளைக்கான விறகு. நடுச்சூட்டில் மாட்டிக்கொண்டால் அடுத்து போட வேண்டிய விறகைச் சூளை மேல் பரப்பி, பக்கத்திலேயே ஆள் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சூடேறிய கட்டை தானாகப் பற்றிவிடும்.

இதெல்லாம் சரி, இன்னும் இழுப்பே இல்லை. சூளை ஆறிய பின் பார்க்க வேண்டியவை இவை. சிம்னிக்குப் போகும் வழியை ஷெல்ஃபோ (பாத்திரம் அடுக்கும் பலகை) பாத்திரமோ அடைத்ததா? வழிக்கும் கடைசி ஷெல்ஃபுக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி வேண்டும். சிம்னி அடியில் உதிர்ந்த செங்கல் துண்டும் சாம்பலும் சேர்ந்திருக்கிறதா? சிம்னிச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா?

கடைசியாக சிம்னியின் உயரம். குயவர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: தீ கீழ்நோக்கி இழுபடும் ஒவ்வொரு அடிக்கும் சிம்னி மூன்றடி, படுக்கைவாட்டில் போகும் ஒவ்வொரு மூன்றடிக்கும் கூடுதலாக ஓரடி. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்று லேசு, இழுப்பும் குறைவு. சமவெளியில் நன்றாக ஓடும் சூளையின் வரைபடத்தை அப்படியே அங்கே கட்டினால் பிரச்சினை வரும்.

ஆளைக் கூப்பிட வேண்டியது எப்போது: சிம்னி சாய்ந்திருந்தால், வளைவுக் கூரையில் விரல் நுழையும் வெடிப்பு இருந்தால், கூரைச் செங்கல் ஒன்றாவது கீழே இறங்கியிருந்தால் அடுத்த சூடு போடாதீர்கள். வீடு கட்டும் மேஸ்திரி போதாது. ஃபயர் பிரிக்கில் (தீ தாங்கும் செங்கல்) பாய்லர், உலை வேலை செய்த கொத்தனார் வேண்டும். சேலம் பக்கம் மேக்னசைட்டை ஒட்டி வளர்ந்த உலைச் செங்கல் தொழில் இருப்பதால் அங்கே விசாரிக்கலாம்.

இன்னொன்று. நம் ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் அடுப்புவாயின் அடித்தளத்துக்கோ கம்பியைத் தாங்கவோ கருங்கல் துண்டு வைத்துவிடுகிறார்கள். கருங்கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பெருக்கும், கல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சூளைக்கு வெளியே அஸ்திவாரத்துக்குத் தாராளமாக வையுங்கள். தீ படும் இடத்தில் ஒரு துண்டு கூட வேண்டாம்.

## முன்னால் பத்து படுத்துவிட்டது, பின்னால் எட்டே அசையவில்லை

அடுக்கில் இருக்கிறது காரணம். முன்வரிசையை நெருக்கமாக அடுக்கினால் தீ அங்கேயே நின்றுவிடும். முன்னால் தளர்வாக, பின்னால் நெருக்கமாக அடுக்குங்கள். அப்படியும் வித்தியாசம் இருந்தால் டேம்பரைக் கொஞ்சம் திறந்து, குச்சி விறகாகப் போட்டு ஜுவாலையைப் பின்னால் நீட்டுங்கள். சூளையின் பின்பகுதியில் பக்கச் சுவரில் துளை வைத்து அங்கிருந்தும் குச்சி போடுவது நிரந்தரத் தீர்வு. அதற்கு ஒரு செங்கல்லை எடுத்து மாற்றும் வேலைதான்.

## முதல் சூட்டிலேயே வெடித்துத் தூளாகிவிட்டது

முதல் சூடு என்பது கிளேஸ் பூசும் முன் சுடுவது. அதில் நொறுங்கித் தூளாக, பெரும்பாலும் தடித்த அடிப்பகுதியிலிருந்து வெடித்திருந்தால் அது நீராவி. காய்ந்தது போலத் தெரியும் பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் போய்க்கொண்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஓசூர்ப் பக்கம் ஒரு வாரம் ஆனாலும் காயாது. தர்மபுரி வெயிலில் மூன்றே நாளில் காய்ந்துவிடும், ஆனால் வெயிலில் நேரடியாக வைத்தால் அடுத்த கோளாறு வரும்.

நூறு டிகிரியைத் தாண்டும் வரை சுள்ளியும் தேங்காய் மட்டையும் மட்டும் போடுங்கள். தீ அடுப்புவாய்க்கு வெளியிலேயே இருக்கட்டும். எட்டிப் பார்க்கும் துளையில் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்தால் ஆவி படியும். படியும் வரை வேகம் கூட்டக் கூடாது.

## விரிசல்

இங்கே கிளை பிரித்துப் பார்க்காமல் எதுவும் செய்ய முடியாது. பூதக்கண்ணாடி எடுத்து விரிசலின் ஓரத்தைப் பாருங்கள்.

ஓரம் உருண்டு, கிளேஸ் உள்ளே வழிந்திருக்கிறது. கிளேஸ் உருகுவதற்கு முன்பே விரிசல் இருந்தது. காயும்போதோ முதல் சூட்டிலோ வந்தது.

ஓரம் கண்ணாடி உடைந்தது போலக் கூர்மையாக இருக்கிறது. ஆறும்போது வந்தது. சூளையை அவசரப்பட்டுத் திறந்திருக்கிறீர்கள், அல்லது அடுப்புவாய் அடைக்காமல் ராத்திரிக் குளிர்காற்று உள்ளே புகுந்திருக்கிறது. இந்த வகை முன்வரிசையில்தான் அதிகம் இருக்கும். சுட்டு முடித்ததும் டேம்பர், அடுப்புவாய், அடித் துளை எல்லாவற்றையும் மண் பூசி அடைத்துவிடுங்கள். 573 டிகிரியைக் கடக்கும்போதும், பிறகு 220 டிகிரிச் சுற்றிலும் பீங்கான் சட்டென்று சுருங்கும். நூறுக்குக் கீழே வரும் வரை ஒரு செங்கல்லைக்கூட உருவாதீர்கள். ‘டிங் டிங்’ என்று உள்ளிருந்து சத்தம் வந்தால் திறந்ததை மறுபடி மூடுங்கள்.

அடியின் நடுவில் எஸ் வடிவ விரிசல். சக்கரத்தில் வனையும்போது அடியை அழுத்தாததால் வருவது. மண்ணை நடுவில் திறந்ததும் அடியை நடுவிலிருந்து வெளியே, வெளியிலிருந்து நடுவுக்கு என்று விரலால் நன்றாக அழுத்துங்கள். அடியில் தேங்கும் தண்ணீரைப் பஞ்சால் அவ்வப்போது எடுத்துவிடுங்கள். பீங்கான் மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அடி சுவரைவிடத் தடிமனாக இருந்தாலும் இதே விரிசல் வரும், செதுக்கும்போது சமமாக்குங்கள்.

விளிம்பிலிருந்து கீழே ஓடும் விரிசல். விளிம்பு முதலில் காய்ந்து அடி பிந்தியது. இந்த மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பங்கு வரை சுருங்கும், அதனால் சமமாகக் காயாத இடம் கிழியும். பாலிதீன் தாளை விளிம்பில் மட்டும் சுற்றி, அடியை மேலே கவிழ்த்துக் காயவையுங்கள். ஆடிக் காற்று காலத்தில் ஜன்னலை மூடிவிட்டுத்தான் வேலை.

கைப்பிடி ஒட்டிய இடத்தில். கோப்பையும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டுங்கள். ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்க மூடி வையுங்கள்.

## வளைந்துவிட்டது, சாய்ந்துவிட்டது

பீங்கான் உச்சிச் சூட்டில் வெல்லப்பாகு போல இளகும், அப்போது எது தாங்கவில்லையோ அது இறங்கும். எல்லாத் தட்டுகளும் ஒரே பக்கம் வளைந்திருந்தால் ஷெல்ஃப் வளைந்திருக்கிறது. ஒரு நேர்க்கோலை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கார்டியரைட் ஷெல்ஃப்கள் 1300 டிகிரியில் இறங்கிவிடும். கவிழ்த்துப் போட்டுச் சிலமுறை சமாளிக்கலாம், பிறகு சிலிக்கான் கார்பைடுக்கு மாற வேண்டும். இந்தப் பட்டியலில் பெரிய செலவு இதுதான்.

அடுப்புவாய் பார்த்த பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் தீ நேரடியாக அடிக்கிறது. நடுவே செங்கல் தடுப்பு வையுங்கள், மெல்லிய கோப்பைகளைப் பின்னால் கொண்டுபோங்கள்.

இடம் மாறி மாறி, ஒன்று கோணல் ஒன்று நேர் என்றிருந்தால் மண்ணின் ஞாபகம். ஈரத்தில் கோணியதைக் கையால் நிமிர்த்தினாலும் சூட்டில் மறுபடி கோணிக்கொள்ளும். சக்கரத்திலிருந்து எடுக்கும்போது நசுங்கியதைச் சரிசெய்து சூளையில் வைக்காதீர்கள், மண்ணைத் திரும்பப் பிசைந்துவிடுங்கள்.

## வெள்ளை வெள்ளையாக இல்லை

மஞ்சள் பாய்ந்திருக்கிறது. பின்வரிசை மட்டும் மஞ்சள் என்றால் அங்கே கடைசி நேரத்தில் காற்று அதிகம். 900 டிகிரியிலிருந்து முடியும் வரை எட்டிப் பார்க்கும் துளையில் சின்ன ஜுவாலை வெளியே நாக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் மண்ணிலுள்ள கொஞ்ச இரும்பு நீலச் சாயலாக மாறி வெள்ளை குளிர்ச்சியாகத் தெரியும். சூளை முழுக்க மஞ்சள், தீயும் சரி என்றால் கயோலினில் இரும்பும் டைட்டானியமும் அதிகம். மூட்டை மாற்ற வேண்டும். மொத்தமாக வாங்கும் முன் ஒவ்வொரு லோடிலும் ஒரு உருண்டை சுட்டுப் பாருங்கள்.

சாம்பல் நிறம், கருமேகம். கிளேஸ் உருகி மூடுவதற்கு முன் கரி படிந்து உள்ளே மாட்டிக்கொண்டது. ஆரம்பத்திலேயே புகையை அடைத்திருக்கிறீர்கள். 900 வரை தெளிவான தீ.

பழுப்புப் புள்ளிகள். நம் பக்கத்துக்கே உரிய தொல்லை இது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாசலில் செம்மண், ரோட்டில் செம்மண், காற்றடித்தால் சமையலறை வரை செம்மண். அந்தத் தூசியில் ஒரு கடுகளவு விழுந்தாலும் பீங்கானில் பழுப்புப் புள்ளியாகத் தெரியும்.

ஒரு பாத்திரத்தை உடைத்து வெட்டு முகத்தைப் பாருங்கள். புள்ளி உள்ளேயும் இருந்தால் மண் கலக்கும்போதே வந்தது. கூழை நூறு மெஷ் சல்லடையில் வடித்து, பாலிதீன் பையில் கட்டிய காந்தத்தை அதில் நிதானமாகச் சுற்றுங்கள். வெளியே எடுக்கும்போது காந்தத்தில் கருப்பு மயிர் போல ஒட்டியிருப்பதைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். அது கிரைண்டர், துருப்பிடித்த பக்கெட் கைப்பிடி, கம்பி பிரஷ் இவற்றிலிருந்து வந்தது.

புள்ளி மேலே மட்டும் இருந்தால் தூசி. முதல் சூடு முடிந்த பாத்திரங்களைத் திறந்த வராந்தாவில் வைக்காதீர்கள். வேலை செய்யும் தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பீங்கான் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, என்95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு மண்ணில் செய்யும் வேலைக்கும் பீங்கானுக்கும் ஒரே சக்கரம், ஒரே பஞ்சு என்றால் புள்ளி நிற்காது.

மேல் அடுக்கில், மேலே பார்த்த பரப்பில் மட்டும் பெரிய கரடான துண்டுகள் ஒட்டியிருந்தால் கூரைச் செங்கல் உதிர்கிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் முன் கூரையைத் துடைத்துவிடுங்கள்.

## அச்சில் ஊற்றும் கூழ் தயிராகக் கெட்டிப்படுகிறது

கூழை இளக்கப் போடும் சோடியம் சிலிக்கேட்டை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள், அளவு மீறினால் இன்னும் கெட்டிப்படும். தண்ணீரைச் சந்தேகியுங்கள். இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் போர்த் தண்ணீர் ஃபுளோரைடுக்குப் பேர்போனது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நோக்கங்களில் ஒன்றே ஃபுளோரோசிஸை (ஃபுளோரைடால் பல், எலும்பு கெடும் நோய்) குறைப்பதுதான். கூழைக் கெடுப்பது ஃபுளோரைடு இல்லை, அதே தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம், சல்பேட் உப்புகள். இரண்டு டம்ளரில் ஒரே அளவு மண்தூள் எடுத்து, ஒன்றில் போர்த் தண்ணீர், ஒன்றில் மழைத் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீர் விட்டு அரை மணி கழித்துக் கலக்கிப் பாருங்கள். இரண்டும் வேறு மாதிரி ஓடினால் பதில் கிடைத்துவிட்டது. காய்ந்த பாத்திர விளிம்பில் வெள்ளைப் பூப்பு வந்தாலும் காரணம் இதுதான்.

## கிளேஸ் சுருண்டு ஓடிவிட்டது, ஊசித் துளைகள்

சுருண்டால் தூசி, எண்ணெய்க் கை, அதிகத் தடிமன் இம்மூன்றையும் அந்த வரிசையில் பாருங்கள். கிளேஸ் போடும் முன் ஈரப் பஞ்சால் துடைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஊசித் துளைக்கு உச்சிச் சூட்டில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். முதல் சூட்டை 1000 டிகிரி வரை கொண்டுபோயிருந்தால் உள்ளிருக்கும் வாயு முன்பே போயிருக்கும்.

## ஷெல்ஃபோடு ஒட்டிக்கொண்டது

பாத்திரத்தின் காலுக்கு அடியில் அலுமினா ஹைட்ரேட்டும் கயோலினும் சம அளவு கலந்து உருட்டிய சிறு உருண்டைகள் மூன்று வையுங்கள். மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவிலும் அப்படியே. முன்வரிசையில் சாம்பல் நேராக உட்கார்ந்து உருகி வழியும், அங்கே உருண்டை கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். கால் வளையத்தில் சின்னச் சின்ன சில்லு பிய்ந்து வந்தால் ஷெல்ஃப் பூச்சில் அலுமினா போதவில்லை.

## வலைபோல் நுண்கோடுகள், அல்லது விளிம்பில் கிளேஸ் உதிர்கிறது

இரண்டும் எதிரெதிர். நுண்கோடு என்றால் கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்குகிறது: குவார்ட்ஸை நூற்றுக்கு மூன்று பங்கு, ஐந்து பங்கு என்று கூட்டி, சோதனை வில்லைகளில் சுட்டுப் பாருங்கள். உதிர்ந்தால் குவார்ட்ஸைக் குறையுங்கள். உதிரும் பாத்திரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், கண்ணாடிச் சில்லு வாய்க்குள் போகும். கோடு இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் எழுதும் மசியைத் தடவித் துடையுங்கள். திறந்த அன்று தெரியாதது ஒரு மாதம் கழித்தும் வரலாம்.

புளிக்குழம்பும் மாங்காய் ஊறுகாயும் வைக்கும் பாத்திரம் என்றால் இன்னொரு சோதனை: எலுமிச்சைத் துண்டை ஒரு ராத்திரி கிளேஸ் மேல் வையுங்கள். காலையில் நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அந்தக் கிளேஸ் சாப்பாட்டுக்கு ஆகாது. மாறாவிட்டாலும், தாமிரம், மாங்கனீஸ், பேரியம் போட்ட கிளேஸை விற்கும் முன் என்ஏபிஎல் (ஆய்வகங்களைச் சோதித்து ஏற்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். நான்கு சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் பாத்திரத்தில் ஊற்றி வைத்து, எவ்வளவு உலோகம் கரைந்து வருகிறது என்று அளந்து சொல்வார்கள். எந்தெந்த உலோகத்தைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே பட்டியல் எழுதிக் கொடுங்கள்; சொல்லாவிட்டால் ஈயமும் காட்மியமும் மட்டும் பார்த்து அனுப்பிவிடக்கூடும்.